திரைக்குள் இருப்பவர் பிஸ்கட்டை வாங்கிக்கொள்வதில்லை

மும்பை செம்பூரில் எங்கள் பில்டிங்கின் மூன்றாவது மாடியில் அம்பாசமுத்திரத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். மகளுக்கு 19 மாதம். கணவருக்குக் கோட்டைப் பகுதியில் வேலை. ஹார்பர் லைன் ரயிலில் தொற்றிக்கொண்டு வீடு வந்து சேர இரவு ஒன்பதரை ஆகிவிடும். எங்கள் விங்கில் தமிழ் பேசுவது அவர்கள் வீடும் என் வீடும்தான். குழந்தை தண்ணீரைப் 'பானி' என்கிறது. ஜன்னலில் வந்து உட்காரும் புறாவைக் 'கபூதர்' என்கிறது. அதனால் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்: காலை முதல் மாலை வரை டிவியில் தமிழ்ச் சேனல் ஓடட்டும், காதில் விழ விழத் தமிழ் தானாக ஒட்டிக்கொள்ளும்.

"இவளும் கண் கொட்டாமல் பார்க்கிறாள், அக்கா. எதுவும் புரியாமலா இப்படிப் பார்ப்பாள்?" என்று கேட்டாள்.

கேள்வி நியாயமானதுதான். நான் ஒரு கல்லூரியில் குழந்தை வளர்ச்சிப் பாடம் நடத்தியவள் என்பதால் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் குழந்தையே ஒரு காரியம் செய்தது. டிவி ஸ்டாண்ட் அருகே தத்தித் தத்திப் போய், அழுதுகொண்டிருந்த சீரியல் மருமகளின் முகத்துக்கு நேராகத் தன் பிஸ்கட்டை நீட்டி "இந்தா" என்றது. மருமகள் வாங்கவில்லை. குழந்தை மறுபடியும் நீட்டியது. கொஞ்சம் காத்திருந்தது. பிறகு திரும்பி வந்து, எச்சிலில் ஊறிய அந்தப் பிஸ்கட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனது.

நான் வகுப்பில் இரண்டு மணி நேரம் விளக்க வேண்டிய பாடம் அந்த அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனாலும் விளக்குகிறேன், சுபாவத்தை மாற்ற முடியுமா?

இதற்கு ஆங்கிலத்தில் 'வீடியோ டெஃபிசிட்' என்று பெயர். தமிழில் காணொளிக் குறை என்று வைத்துக்கொள்ளலாம். 2005-ல் டேனியல் ஆண்டர்சன், டிஃபனி பெம்பெக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அதுவரை வந்திருந்த சோதனைகளைத் தொகுத்து எழுதியபோது வைத்த பெயர் இது. பெயர்தான் மிரட்டும், விஷயம் எளியது. ஒரே செயலை, ஒரே சொல்லை, ஒரே வித்தையை நேரில் ஒருவர் செய்துகாட்டினால் சின்னக் குழந்தை எவ்வளவு கற்றுக்கொள்கிறதோ, அதையே திரையில் காட்டும்போது அதைவிடக் குறைவாகவே கற்றுக்கொள்கிறது. அந்த வித்தியாசம்தான் காணொளிக் குறை. குறை குழந்தையிடம் இருப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதை நிரூபித்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1998-ல் ஜார்ஜீன் ட்ரோசெத்தும் ஜூடி டிலோச்சும் வெளியிட்டது. ஒரு அறையில் இரண்டு வயதுக் குழந்தை. பக்கத்து அறையில் ஒருவர் ஒரு பொம்மையை ஒளித்துவைக்கிறார். ஒளிப்பதைக் குழந்தை ஒரு திரையில் நேரலையாகப் பார்க்கிறது. உடனே அந்த அறைக்கு அழைத்துப் போய் "பொம்மை எங்கே?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகள் திருதிருவென்று விழித்தார்கள். அங்கும் இங்கும் தேடினார்கள். இப்போதுதானே கண்ணால் பார்த்தார்கள்! அதே வயதுக் குழந்தைகளுக்கு, இரண்டு அறைகளுக்கும் நடுவே இருந்த ஜன்னல் வழியாக ஒளிப்பதைக் காட்டினால் நேரே போய் எடுத்துவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால் திரையை மறைத்துவைத்து, ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம் என்று குழந்தைகளை நம்பவைத்தபோது, திரையில் பார்த்ததை வைத்தே அவர்கள் பொம்மையைக் கண்டுபிடித்தார்கள். ஆக, பார்வையில் கோளாறு இல்லை, நினைவிலும் கோளாறு இல்லை. "இது டிவி" என்று தெரிந்துவிட்டால், அதில் நடப்பதற்கும் தான் நிற்கும் அறைக்கும் சம்பந்தம் இல்லை என்று குழந்தை முடிவு செய்துவிடுகிறது. சீரியலைப் பற்றிய இந்தத் தெளிவு நம்மில் பலருக்கு அறுபது வயதிலும் வருவதில்லை என்பது வேறு விஷயம். ஆறே மாதம் கழித்து, இரண்டரை வயதில், அதே சோதனையில் குழந்தைகள் திரையைப் பார்த்தே சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

படம் என்பதே ஒரு தந்திரமான பொருள். அது தானும் ஒரு பொருள். இன்னொரு பொருளுக்கு அடையாளமும்கூட. ஒன்பது மாதக் குழந்தையிடம் பால் புட்டியின் வண்ணப் புகைப்படத்தைக் காட்டினால் அதைத் தடவும், பிறாண்டும், தாளிலிருந்து பிய்த்தெடுக்கப் பார்க்கும். டிலோச்சின் குழுவினர் இதை அமெரிக்கக் குழந்தைகளிடமும் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டுக் கிராமக் குழந்தைகளிடமும் கண்டார்கள். ஒன்றரை வயது தாண்டும்போது அந்தப் பிறாண்டல் நின்று, விரல் நீட்டிக் காட்டுவது தொடங்கிவிடுகிறது. திரையில் அசையும் படத்துக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடிக்கிறது. நம்ம வீட்டுப் பிஸ்கட்டுக்காரி சரியாக அந்த நடுப்பாலத்தில்தான் நிற்கிறாள்.

அப்படியானால் ஏன் கண் கொட்டாமல் பார்க்கிறாள்? காட்சி மாறும்போதும், திடீரென்று ஒலி எழும்போதும் தலை தானாகத் திரும்பும். பெரியவர்களுக்கும் அப்படித்தான், ஓட்டலில் மூலையில் ஓடும் டிவியை எத்தனை முறை பார்க்கிறோம் என்று எண்ணிப்பாருங்கள். ஒரு ஆய்வில், குழந்தைகளுக்கான பிரபல நிகழ்ச்சி ஒன்றின் காட்சிகளை முன்பின்னாகக் கலைத்தும், பேச்சைத் தலைகீழாக ஓடவிட்டும் காட்டினார்கள். ஆறு மாதக் குழந்தையும் ஒரு வயதுக் குழந்தையும் சரியான நிகழ்ச்சியை எவ்வளவு நேரம் பார்த்தனவோ, குழம்பிப்போன அந்தப் பதிப்பையும் அவ்வளவு நேரம் பார்த்தன. ஒன்றரை வயதுக்கு மேல்தான் "இது என்ன உளறல்?" என்று கண்ணைத் திருப்பிக்கொண்டன. பார்ப்பதை வைத்துப் புரிதலை அளக்க முடியாது.

இனி மொழிக்கு வருகிறேன். அவள் கேட்டது அதைத்தானே.

பிறந்த சில மாதங்களில் குழந்தையின் காது உலகத்து மொழிகள் எல்லாவற்றுக்கும் திறந்தே இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த சோதனைகளில் ஒன்றுக்கு நம் பக்கத்து ஒலிதான் பயன்பட்டது. பல்லில் நாக்கு படும் 'த'வுக்கும் நாக்கை மடக்கும் 'ட'வுக்கும் உள்ள வேறுபாடு இந்திக்கும் தமிழுக்கும் பொது. ஆங்கிலத்தில் அது கிடையாது. 1984-ல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறிலிருந்து எட்டு மாதத்தில் இந்தியின் இந்த இரண்டு ஒலிகளையும் பிரித்துக் கேட்டன. பத்திலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகளிடம் அந்தத் திறன் மங்கிவிட்டது. வீட்டில் புழங்காத ஒலிக்குக் காது கதவைச் சாத்திக்கொள்கிறது.

சாத்தப்படும் கதவைத் திறந்து வைத்திருக்க முடியுமா என்று 2003-ல் பாட்ரிசியா குல் தலைமையில் சியாட்டிலில் ஒரு சோதனை நடந்தது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் பேசுபவர்கள் எதிரே உட்கார்ந்து புத்தகம் வாசித்தார்கள், பொம்மை காட்டி விளையாடினார்கள். மொத்தமே 12 அமர்வுகள். முடிவில் அந்தக் குழந்தைகள், ஆங்கிலத்தில் இல்லாத மாண்டரின் ஒலிகளைத் தைவானில் வளரும் குழந்தைகளுக்கு இணையாகப் பிரித்தறிந்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே புத்தகம், அதே பொம்மைகள், அதே 12 அமர்வுகள். ஆனால் டிவி திரையில். மூன்றாவது குழுவுக்கு ஒலி மட்டும். இந்த இரண்டு குழுக்களும், மாண்டரினே கேட்காத குழந்தைகளும் ஒரே நிலையில் இருந்தார்கள். டிவி கொஞ்சமும் உதவவில்லை.

இதை நான் சொன்னபோது அவள் முகம் வாடிவிட்டது. தமிழ்ச் சேனலுக்குக் கட்டிய பணம் வேறு. ஆனால் இதற்குள் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 12 அமர்வுகள்தான்! ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்தால் அவ்வளவு குறைந்த நேரத்தில் அந்நிய மொழியின் ஒலிகூடக் காதில் ஏறுகிறது. தாய் வீட்டிலேயே இருக்கிறாள். அவள் பேசுவது தமிழ். இந்தப் பில்டிங்கில் அந்தக் குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த தமிழ்ச் சேனல் அவள்தான். 'கபூதர்' குறித்தும் கவலை வேண்டாம். பக்கத்து வீட்டு இந்தியும், வாசலில் காய்கறி விற்க வரும் பாஜிவாலாவின் மராத்தியும் குழந்தைக்கு நஷ்டமில்லை. அவர்களும் குழந்தையிடம் நேரில் பேசுகிறவர்கள்தானே.

நேரில் இருப்பவரிடம் அப்படி என்ன இருக்கிறது? அவர் காத்திருக்கிறார். குழந்தை எங்கே பார்க்கிறதோ அங்கே தானும் பார்க்கிறார். "அ" என்று இழுத்தால் "ஆமாம், ஆட்டோ!" என்கிறார். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் பேச்சின் அடித்தளம். 'இந்தா', 'தா' ஆகிய சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் குழந்தைகள் வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் சொற்கள் இவை. படப் புத்தகத்தில் 'இந்தா'வை வரைந்து காட்ட முடியாது. ஒரு கை நீள வேண்டும். இன்னொரு கை வாங்க வேண்டும். அப்போதுதான் அதற்குப் பொருள். சீரியல் மருமகள் தினம் எட்டு மணிக்கு வந்தாலும் கை நீட்டி வாங்கமாட்டாள்.

சரி, குழந்தைக்கென்று போடும் கார்ட்டூனைக் கூட விட்டுவிடலாம். நான் அதிகம் பயப்படுவது யாரும் பார்க்காமல் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் டிவிக்குத்தான். மும்பையின் ஒற்றை அறை வீடுகளில் இது தப்ப முடியாத விஷயம். சமையலும் படுக்கையும் விளையாட்டும் டிவியும் ஒரே இடத்தில். தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ மாலையில் ஒரு சந்து வழியே நடந்தால், ஒரே சீரியலின் பின்னணி இசையை வாசலுக்கு வாசல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து கேட்டுக்கொண்டே போகலாம். மும்பையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1972 அக்டோபர் 2 அன்று. அந்தக் காலத்து டிவி மாலையில் சில மணி நேரம் வந்துவிட்டுப் போய்விடும். இப்போதைய டிவிக்குப் போகத் தெரியாது.

2008-ல் வெளியான ஒரு ஆய்வில் ஒன்று, இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளை ஒரு மணி நேரம் பொம்மைகளோடு விளையாட விட்டார்கள். அதில் பாதி நேரம், பெரியவர்களுக்கான ஒரு வினாடி வினா நிகழ்ச்சி ஓரமாக ஓடியது. குழந்தைகள் அதை ஏறெடுத்துப் பார்த்ததே அவ்வப்போது சில விநாடிகள்தான். ஆனால் விளையாட்டு துண்டு துண்டாகிவிட்டது. ஒரு பொம்மையை எடுப்பது, பாதியில் விடுவது, அடுத்ததற்குப் போவது. டம்ளருக்குள் டம்ளரை நுழைக்க முயலும் குழந்தை நான்காவது முயற்சிக்குப் போவதற்குள் விளம்பர இசை வந்து கலைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களிடம் நடப்பது இதைவிட மோசம். 2009-ல் டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் குழுவினர், குழந்தைகளின் சட்டையில் சிறிய ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி நாள் முழுக்கப் பதிவு செய்தார்கள். டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், குழந்தை பெரியவர்களிடமிருந்து கேட்கும் சொற்கள் சராசரியாக 770 குறைந்தன. டிவி பேசும்போது நாம் வாயை மூடிக்கொள்கிறோம், அவ்வளவுதான் காரணம். தமிழ் கற்கட்டும் என்று போட்ட டிவி, வீட்டில் இருந்த ஒரே தமிழ்க் குரலை அடக்கிவிடுகிறது என்று அவளிடம் சொன்னேன். அவள் ரிமோட்டைத் தேடினாள். அது சோபா இடுக்கில் இருந்தது. குழந்தைதான் எடுத்துக் கொடுத்தது, "இந்தா" என்று.

"ஆனால் டிவி பார்த்துத்தான் எங்கள் பையன் நிறங்களைக் கற்றுக்கொண்டான்" என்று சொல்லும் பெற்றோர் நிறையப் பேர். அவர்கள் பொய் சொல்லவில்லை. 2010-ல் டிலோச் இதையும் சோதித்துப் பார்த்தார். 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்குச் சொல் கற்பிக்கும் வீடியோ ஒன்றை நான்கு வாரம் வீட்டில் காட்டச் சொன்னார். வேறு சில பெற்றோரிடம் வீடியோவே இல்லாமல் அதே சொற்களைப் போகிற போக்கில் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அதிகம் கற்றவர்கள் இந்த இரண்டாம் வகைக் குழந்தைகள். வீடியோ பார்த்தவர்களுக்கும் எதுவுமே செய்யாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இன்னொன்றும் தெரிந்தது: வீடியோவை மிகவும் விரும்பிய பெற்றோர்தான் "எங்கள் குழந்தை நிறையக் கற்றுக்கொண்டது" என்று அதிகமாக நம்பினார்கள். இந்த வயதில் ஒரு மாதத்தில் குழந்தை எப்படியும் வளரும். வளர்ச்சி குழந்தையுடையது, பெயர் வீடியோவுக்கு.

மருத்துவர்களின் அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கூட்டமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்: இரண்டு வயது வரை எந்தத் திரையும் வேண்டாம், உறவினர்களோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்பு மட்டும் விதிவிலக்கு, இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் நல்லது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதும் ஏறத்தாழ இதுவேதான்.

இதைப் படித்துவிட்டு யாரும் குற்ற உணர்வில் துவள வேண்டாம். குக்கரில் ஆவி சீறும்போது, அடுப்படியில் குழந்தை காலைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது, இருபது நிமிடம் டிவி போடும் தாயை நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். கொதிக்கும் எண்ணெயை விட டிவி மேல். அது குழந்தையை ஓரிடத்தில் உட்காரவைக்கிற கருவி என்று தெரிந்து போடுங்கள்; பாடம் நடத்துகிறது என்று நினைத்துப் போடாதீர்கள் என்பதே என் வாதம். இரண்டரை, மூன்று வயதிலிருந்து நிலைமை மாறத் தொடங்கும். அப்போது நிதானமாக நகரும், ஒன்றையே திரும்பத் திரும்பக் காட்டும் நல்ல நிகழ்ச்சிகளிலிருந்து குழந்தைகள் உண்மையாகவே கற்றுக்கொள்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த யானை எங்கே போகிறது?" என்று கேட்க ஒருவர் இருந்தால் இன்னும் நன்றாக.

வீடியோ அழைப்புக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு என்று அவள் கேட்டாள். அதுவும் கண்ணாடித் திரைதானே?

திரைதான். ஆனால் அந்தப் பக்கம் காத்திருக்கிற ஒரு ஆள் இருக்கிறார். 2006-ல் ட்ரோசெத் தன் பழைய பொம்மைச் சோதனையில் ஒரு மாற்றம் செய்தார். திரையில் இருந்தவர் முதலில் ஐந்து நிமிடம் குழந்தையிடம் பேர் சொல்லிப் பேசினார், அது சொல்வதற்குப் பதில் சொன்னார், சேர்ந்து விளையாடினார். பிறகு பொம்மை எங்கே இருக்கிறது என்று சொன்னார். இரண்டு வயதுக் குழந்தைகள் அவரை நம்பி, போய் எடுத்துவிட்டார்கள். 2014-ல் வெளியான இன்னொரு ஆய்வில், இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் நேரில் சொன்ன புதிய வினைச்சொற்களையும் வீடியோ அழைப்பில் சொன்னவற்றையும் கற்றுக்கொண்டார்கள். பதிவு செய்த வீடியோவில் சொன்னவற்றைக் கற்றுக்கொள்ளவில்லை.

சேனலுக்கான சந்தாவை அந்த மாதத்தோடு அவள் நிறுத்திவிட்டாள். இப்போது மாலை ஐந்து மணிக்கு அம்பாசமுத்திரத்து ஆச்சிக்கு அழைப்பு போகிறது. போன வாரம் நான் அங்கே இருந்தபோது ஆச்சி, "எனக்குத் தரமாட்டாயா?" என்று கேட்டு வாயைத் திறந்து காட்டினார். குழந்தை "இந்தா" என்று பிஸ்கட்டைப் போனில் வைத்து அழுத்தியது. ஆச்சி சப்புக்கொட்டி மென்றார். குழந்தை சிரித்தது, இன்னொன்று, பிறகு இன்னொன்று. நான்காவது பிஸ்கட்டில் கேமரா முழுக்க மாவு அப்பிவிட்டது. "ஏ பிள்ளை, ஒன்றுமே தெரியவில்லையே" என்று உள்ளிருந்து ஆச்சியின் குரல் கேட்டது. குழந்தை போனைத் திருப்பி, பின்பக்கத்தில் ஆச்சியைத் தேடிக்கொண்டிருந்தது.